ராட்டினம் ஏறிய எண்

என் சித்திக்கு, அதாவது அம்மாவின் தங்கைக்கு, பிடித்த எண் 142857. பிடித்த நிறம், பிடித்த நடிகர் என்று சொல்லித் திரிகிற உலகத்தில், பிடித்தது இன்னதென்று ஆறு இலக்க எண் ஒன்றைச் சொன்னவர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அவளுக்கு வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லின் ஆபீசில் வேலை. மில் பஸ் திண்டுக்கல்லில் இறக்கிவிட்டதும் நேராக வீட்டுக்கு வந்து, என்னை உட்காரவைத்து, அந்த எண்ணைக் கோலப்பொடியால் தரையில் வட்டமாக எழுதுவாள். சித்தி என்றால் எனக்கு உயிர்.

"ராட்டினத்துல ஆறு பேரு ஏறியிருக்காங்கன்னு வச்சுக்க. இப்ப ரெண்டால பெருக்கு."

285714 வரும். மூன்றால் பெருக்கினால் 428571. ஆறு வரைக்கும் எதால் பெருக்கினாலும் அதே ஆறு பேர்தான், அதே வரிசையில். தொடங்கும் இடம் மட்டும் மாறும். ஏழால் பெருக்கினால் என்ன ஆகும் என்று கேட்டால் சித்தி குரலைத் தாழ்த்துவாள்.

"ராட்டினம் நின்னுரும். ஆறு பேரும் ஒரே சட்டையப் போட்டு இறங்கிருவாங்க."

விடை 999999. இதை உனக்கு மட்டும்தான் சொன்னேன் என்பாள். எனக்குப் பெருமையில் தலைகால் புரியாது.

அந்த வருடம் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். "யாரையாச்சும் விரும்புறேன்னு வந்து நின்னா, பொண்ணே இல்லைன்னு தலை முழுகிருவேன்" என்பது தாத்தாவின் நிரந்தர அறிவிப்பு. என்னிடமும் ஒரு சட்டம் இருந்தது. வருகிறவர் இந்தக் கணக்குக்குப் பதில் சொல்ல வேண்டும். நத்தத்திலிருந்து வந்தவர் செல்போனை எடுத்துத் தட்டினார். இன்னொருவர் என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு மிக்சரைத் தின்றார். இருவரையுமே சித்தி வேண்டாம் என்றுவிட்டாள். என் பரீட்சையில் தோற்றதால்தான் என்று நம்பினேன். தாத்தா கவலையில் இளைத்ததற்கும் நானே காரணமோ என்று உள்ளூரப் பயமாகவும் இருந்தது.

அடுத்து வந்தவர் ஒட்டன்சத்திரத்துக்காரர். தரகர் கொண்டுவந்த இடம். வேலை வேடசந்தூரில்.

"பொண்ண முன்னப்பின்ன பாத்திருக்கீகளா தம்பி?" என்றார் தாத்தா.

"இல்லைங்க" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

சித்தி காபித் தட்டோடு வந்தாள். நான் கேள்வியைப் போட்டேன். "ஒண்ணு நாலு ரெண்டு எட்டு அஞ்சு ஏழு. அத ஏழால பெருக்கினா என்ன ஆகும்?"

அவர் யோசிக்கவே இல்லை. "ராட்டினம் நின்னுரும் கண்ணு. ஆறு பேரும் ஒரே சட்டையப் போட்டு இறங்கிருவாங்க."

தட்டில் டம்ளர்கள் கிணுகிணுத்தன. கூடத்தில் எல்லோரும் திருதிருவென்று முழித்தார்கள். நான் குதித்து எழுந்தேன். "சரியான விடை தாத்தா. சித்தி எனக்கு மட்டும் சொன்ன மாதிரியே, ஒரு வார்த்தை பிசகாம..."

முடிப்பதற்குள் அம்மா என்னை அள்ளிக்கொண்டு அடுக்களைக்குள் போய், வாய் நிறையக் கேசரியைத் திணித்தாள். மூச்சு முட்டியது. "பையன் கணக்குல புலியா இருப்பாரு போலயே" என்று தாத்தா தரகரிடம் மகிழ்ச்சியாகச் சொல்வது காதில் விழுந்தது.

நல்ல மாப்பிள்ளையைக் கண்டுபிடித்துக் கொடுத்ததற்கு இது பரிசு என்று நினைத்து, இன்னொரு கரண்டி கேட்டேன். அம்மா சட்டியையே என் மடியில் வைத்தாள்.