பிச்சியும் அரளியும்

ஒரு தெருவில் டைபாய்டு காய்ச்சல் பரவினால் முதலில் என்னென்ன விசாரிக்க வேண்டும் என்று மதுரையில் பயிற்சியின்போது எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். எந்தக் கிணறு, எந்தப் பால்காரர், எந்த ஹோட்டல், வீட்டுக்கு வந்துபோன விருந்தாளி யார். நோயாளிக்கு எதுவும் நினைவிருக்காது. அவர் குடித்த தண்ணீர் எல்லா நாளும் குடித்த தண்ணீர்போலத்தான் இருந்திருக்கும்.

என் தங்கையின் படிப்பு நின்றுபோனதை நினைக்கும்போதும் அப்படித்தான் வரிசையாக விசாரிக்கத் தோன்றுகிறது. அதைத் தவிர என்னால் செய்யக்கூடியது இப்போது ஒன்றும் இல்லை.

எங்கள் அப்பா படிப்புக்கு எதிரி அல்ல. தென்காசியில் குளத்துக்குக் கீழே வயலும், கோயில் திருவிழாவில் மரியாதையும் உள்ள குடும்பத்தில் பிறந்தவர். அப்படியிருந்தும் என்னை மதுரைக்கு அனுப்பிப் பரிசோதனைக்கூட வேலை கற்கவைத்தார். அப்போது அவரை யாரும் தடுக்கவில்லை. அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. சலூனில் பத்திரிகை வாசித்துக்காட்டுபவர் எந்தச் செய்தியில் குரலை உயர்த்துகிறார் என்பது. அம்மா பக்கத்து வீட்டுப் பெண்களுக்கு வாசித்துக்காட்டும் வாரப் பத்திரிகைத் தொடர்கதை. அதில் காலேஜுக்குப் போகும் பெண் அழுவாள், இல்லாவிட்டால் கடைசி வாரத்தில் திருந்துவாள். சாயங்காலம் கோயில் மண்டபத்தில் காற்றுக்கு உட்காருபவர்கள் தங்களுக்குள் சிரித்துக்கொள்வது. யாரும் அப்பாவிடம் இளையவளைப் படிக்கவைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. எல்லாரும் என்னைப் பற்றித்தான் விசாரித்தார்கள்.

"மூத்தவளுக்கு ஒண்ணும் அமையலையோ, அண்ணாச்சி?"

அமையவில்லைதான். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் ஆஸ்பத்திரியில் என்ன வேலை என்று கேட்பார்கள். ரத்தம், சளி, சிறுநீர், மலம் எல்லாம் சோதித்துச் சொல்வேன் என்று நான் சொல்வேன். மறைக்க வேண்டிய விஷயமாக எனக்கு அது படவில்லை. காப்பி டம்ளர் அப்படியே இருக்க, அவர்கள் எழுந்துவிடுவார்கள்.

ஒரு நாள் கல்யாண வீட்டுப் பந்தியில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி என் காதுபடவே சொன்னாள்: "மூத்தவ ஊரான் பீயப் பாத்துச் சம்பளம் வாங்குதா. இளையவள என்னத்தப் பாக்க அனுப்பப் போறாகளோ!"

பந்தி முழுக்கச் சிரித்தது. மரியாதைக்காக அம்மாவும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

அந்த வருடம் தங்கை எஸ்.எஸ்.எல்.சி. தேறினாள். கணக்கில் அவளுக்குத்தான் பள்ளியிலேயே அதிக மார்க். திருநெல்வேலியில் பி.யூ.சி. சேர்ந்து, பிறகு கணக்கே எடுத்துப் படித்து, பள்ளியில் கணக்கு டீச்சராக வேண்டும் என்பது அவளுடைய ஆசை. காலேஜிலிருந்து நேரில் வரச் சொல்லி அட்டை வந்திருந்தது. அப்பா "பாப்போம்" என்றார். எங்கள் வீட்டில் "பாப்போம்" என்றால் பாதி சம்மதம். தங்கை தன் இரண்டு தாவணிகளையும் கஞ்சி போட்டு மடித்து வைத்தாள்.

அந்த வாரமே வடகரையிலிருந்து அத்தை வந்தாள். அப்பாவுக்கு மூத்தவள். புளியங்குடியில் எலுமிச்சை மண்டி வைத்திருக்கும் குடும்பத்தில் தங்கைக்கு ஒரு வரன் இருப்பதாகச் சொன்னாள்.

"பையன் தங்கக் கம்பி. லாரி லாரியாப் பழம் போகுது. பிள்ளைய உள்ளங்கையில வச்சுத் தாங்குவாக."

தங்கை வாய் சும்மா இருக்காது. "மண்டியில கணக்குப் பாக்க நான் வேணா வாரேன் அத்தே. மாப்பிள்ளை வீட்ல இருந்து சோறு பொங்கட்டும்."

"ஏட்டி, வாயப் பாரேன் உனக்கு! ஊறுகா போட்டுருவாக உன்ன."

அன்று எல்லாரும் சிரித்தோம். அத்தைதான் அதிகம் சிரித்தாள். அவளுக்குத் தங்கையைப் பிடிக்கும். அதையும் என் விசாரணையில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பிடிக்காதவர்களால் இவ்வளவு செய்திருக்க முடியாது.

இரண்டு நாள் அப்பா வயலே கதியென்று கிடந்தார். பிறகு, "குத்தாலத்துல வச்சுப் பூக்கட்டிப் பாத்துருவோம்" என்றார்.

முடிவெடுக்க முடியாத விஷயத்துக்கு எங்கள் பக்கத்தில் செய்வது இது. ஒரு வாழையிலைத் துண்டில் வெள்ளைப் பூவையும் இன்னொன்றில் சிவப்புப் பூவையும் வைத்து, வெளியே தெரியாமல் ஒரேமாதிரி கட்டி, அம்மன் முன்னால் போடுவார்கள். கேட்க வேண்டியதை மனதுக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும். வாய்விட்டுச் சொல்லக் கூடாது. அறியாத குழந்தை ஒன்று வந்து ஒரு பொட்டலத்தை எடுக்கும். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் இல்லை.

அப்பா சொன்னதும் தங்கை என்னைப் பார்த்தாள். காலேஜா, கல்யாணமா என்பதை அம்மனிடம் விடுகிறார், வெள்ளை வந்தால் காலேஜ் என்று நாங்கள் இருவரும் எடுத்துக்கொண்டோம். எனக்கு நிம்மதிகூட வந்தது. பூவில் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. தெருவில் அவ்வளவு கிடையாது.

சாரல் பிடித்திருந்த காலம். அத்தையும் சேர்ந்து விடியற்காலை பஸ்ஸில் போனோம். அருவியில் நல்ல தண்ணீர். வெளியூர்க் கூட்டம் எண்ணெய்த் தலையோடு முண்டிக்கொண்டிருந்தது. பெண்கள் பக்கத்தில் தங்கை அருவிக்குள் போய் வெகுநேரம் நின்றாள். அம்மா கூப்பிட்டது அவளுக்குக் கேட்கவில்லை. நான் கையைப் பிடித்து இழுத்தபோது உதடு நீலமாகியிருந்தது. "சிவப்பு வந்துட்டா என்னக்கா செய்ய?" என்றாள். தண்ணீர்ச் சத்தத்தில் கத்தித்தான் கேட்டாள்.

"வராது" என்று நானும் கத்தினேன். எதை வைத்துச் சொன்னேன் என்று தெரியவில்லை.

அம்மன் சந்நிதியில் அம்மா வெள்ளைக்குப் பிச்சிப்பூவையும் சிவப்புக்குச் செவ்வரளியையும் கட்டிக் கொடுத்தாள். அப்பா கண்ணை மூடி நின்றார். யாரோ வெளியூர்க்காரர்களின் பெண்குழந்தை குளிரில் அழுதுகொண்டிருந்தது. பூசாரி அதைக் கேட்டு வாங்கி இறக்கிவிட்டார். அது அழுகையை நிறுத்தாமலே ஒரு பொட்டலத்தை எடுத்து வாயில் வைக்கப் போனது. பூசாரி சிரித்தபடி பிடுங்கிப் பிரித்தார்.

பிச்சிப்பூ.

தங்கை என் கையை நெரித்தாள். அப்பாவின் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. அத்தை குலவையிட்டாள், அப்போதும் எனக்குப் புரியவில்லை. வெளிப்பிராகாரத்தில் அவள் தங்கையின் வாயில் கற்கண்டைப் போட்டு, "புளியங்குடிக்கு இன்னைக்கே ஆளு அனுப்பிரணும், தம்பி" என்றபோதுதான் நான் அப்பாவைப் பார்த்தேன்.

"நீங்க என்னப்பா கேட்டீங்க?"

"என்னத்தக் கேப்பேன்? மூத்தவ இருக்க இளையவளக் கட்டிக்குடுக்கலாமான்னு கேட்டேன். உன்ன வச்சுக்கிட்டு அவளுக்குச் செய்யறது பாவமோன்னு எனக்கு உறக்கமே இல்லட்டி. ஆத்தா உத்தரவு குடுத்துட்டா."

"காலேஜ்?"

அப்பாவின் முகத்தில் கோபம் இல்லை. நான் ஏதோ தெரியாத ஊரின் பெயரைச் சொன்னதுபோலப் பார்த்தார். "தெருவுல அத்தன பேரும் இதத்தானட்டி எங்கிட்டக் கேட்டான். வேற என்னத்த நான் போயி ஆத்தாகிட்டக் கேக்க?"

இன்னொரு தடவை பூக்கட்டிப் பார்க்கலாம் என்றேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். அம்மன் சொன்ன பிறகு மறுபடி கேட்டால் குடும்பம் தாங்காது என்றாள். அவள் கையில் பிச்சிப்பூ வாசம் இருந்தது. அப்பா எங்களை விட்டு முன்னால் நடந்தார். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் அவர் முதுகு நிமிர்ந்திருந்தது.

காலேஜுக்கு வரச் சொன்ன நாளுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. அந்த வாரத்தில் நான் செய்யாதது இல்லை. தங்கையின் தலைமையாசிரியையைப் பார்த்தேன். அவர், "வெள்ளை வந்திருக்கேம்மா" என்றார். பி.எஸ்சி. படித்தவர். எங்கள் ஆஸ்பத்திரி டாக்டரை வீட்டுக்கு அழைத்துவந்தேன். அவர் காப்பி குடித்துவிட்டு, நல்ல வரன் என்று அப்பாவுக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார். ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு வரும்போது, நான் தேடிய கிணறு தனியாக எங்கும் இல்லை, ஊர் முழுக்க ஒரே ஊற்று என்று தோன்றி நடுத்தெருவில் நின்றுவிட்டேன்.

மிச்சம் இருந்தது தங்கைதான். அந்த நாள் காலையில் லீவு சொல்லிவிட்டு அவளை எழுப்பினேன். அவள் முன்பே எழுந்து குளித்திருந்தாள்.

"அட்டைய எடு. திருநெல்வேலி ரயிலுக்கு நேரம் இருக்கு. அப்பாகிட்ட நான் பேசிக்கிடுதேன்."

"வேண்டாம்க்கா."

"அப்பாவ நெனச்சுப் பயமா?"

"இல்ல."

"அம்மன நெனச்சா?"

அவள் ஈரத் தலையைக் கோதிக்கொண்டிருந்தாள். நான் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். "அப்பா சொன்னது, அத்தை சொன்னது எல்லாம் விடு. உனக்கு என்ன வேணும்? அத மட்டும் சொல்லு."

பாடத்தில் இல்லாத கேள்வியைப் பரீட்சையில் பார்த்த மாதிரி அவள் என்னைப் பார்த்தாள். உண்மையாகவே யோசித்தாள். அதை நான் கண்ணால் பார்த்தேன். எங்கேயாவது விடை இருக்கும் என்று தேடி, கிடைக்காமல், கண் கலங்கினாள்.

"எல்லாரும் நல்லதுன்னுதானக்கா சொல்லுதாங்க" என்றாள். "எல்லாருக்குமா தப்பாப் போகும்?"

கணக்கில் முதல் மார்க் வாங்கியவள்.

தொலைவில் ரயில் வந்து நின்று புறப்படும் சத்தம் கேட்டது. இருவரும் அது போய் முடியும்வரை கேட்டோம். உள்ளிருந்து அத்தை, தலையைத் துவட்டச் சொல்லிக் கத்தினாள். தங்கை எழுந்து போனாள். நான் லீவை ரத்து செய்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.