வெள்ளையாகவே நின்ற கட்டங்கள்

வடகவுஞ்சிப் பக்கம் ஒரு காளான் பண்ணையில் வேலை பார்க்கிறேன். ஐந்து வருடம் உரப் பைகளைச் சுமந்தேன். குடலிறக்க ஆபரேஷன் ஆன பிறகு பளு தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பண்ணைப் பொறுப்பைக் கவனிக்கும் மேடம்தான் முதலாளியிடம் பேசி, அறைகளில் வெப்பம் பார்த்து எழுதும் வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தார். "ஒரு மாசம் பாக்கட்டும், சரிப்படலைன்னா பழைய வேலைக்கே போகட்டும்" என்று முதலாளி மதுரையிலிருந்து சொன்னாராம். பழைய வேலைக்கு இனி என் உடம்பு போகாது. இதை விட்டால் எனக்கு அங்கே வேறு வேலை இல்லை.

பண்ணையில் ஆறு அறைகள். ஒவ்வொன்றிலும் கதவை ஒட்டி ஒரு வெப்பமானி தொங்கும். மதியம் வரை நான் பார்ப்பேன். அதற்கு மேல் பேத்துப்பாறைக்காரர் ஒருவர் பார்ப்பார், என்னைவிட மூத்தவர். பார்த்ததைப் பண்ணைப் போனில் இருக்கும் அட்டவணையில் போட வேண்டும். முதல் நாள் மேடம் சொல்லிக் கொடுத்தார்.

"பதினாலுலேருந்து பதினெட்டு வரைக்கும் பச்சை. மேல போனா சிவப்பு, கீழ போனா நீலம். கலர நீங்க போட வேணாம்ணே, அதுவாப் போட்டுக்கும். சிவப்பு வந்தா எனக்கும் முதலாளிக்கும் உடனே தெரிஞ்சிரும்."

நான் போட்ட கட்டங்களில் எந்த நிறமும் வரவில்லை. மூத்தவர் போட்டவை பச்சைப் பசேலென்று இருந்தன. என்னுடையவை வெள்ளையாகவே நின்றன. இரண்டாம் நாளும் அப்படியே, மூன்றாம் நாளும் அப்படியே.

"ஏலே, உன் வரிசை மட்டும் கட்சிக்காரன் வேட்டி மாதிரி வெள்ள வெளேர்னு கெடக்கு! எலெக்சன்ல நிக்கப் போறியா?" என்றார் மூத்தவர்.

சிரித்து வைத்தேன். உள்ளுக்குள் சிரிப்பு வரவில்லை. ஒரு மாதம் முடியாமல் நான் எழுதுவதைக் கணக்கில் எடுக்க மாட்டார்களோ என்று தோன்றியது. போனில் என் கட்டங்களை மட்டும் அடைத்து வைத்திருக்கிறார்களோ என்றும் தோன்றியது. கேட்டுவிடலாம் என்று மூன்று தடவை ஆபீஸ் வாசல் வரை போனேன். ஒரு தடவை மேடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். மற்ற இரண்டு தடவை அவர் சும்மாதான் உட்கார்ந்திருந்தார், நான்தான் திரும்பி வந்தேன். பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போதும் அறை எண்களே மனசுக்குள் ஓடிக்கொண்டிருக்கும்.

பன்னிரண்டாம் நாள் காலை மூன்றாம் அறைக் கதவைத் திறந்தேன். வழக்கமாக முகத்தில் அடிக்கும் குளிர் இல்லை. வெப்பமானி இருபத்தொன்று காட்டியது. போனில் போட்டேன். வெள்ளை. அழித்துவிட்டு மறுபடி போட்டேன். வெள்ளை. வெப்பமானியைச் சட்டையில் துடைத்துப் பார்த்தேன். இரண்டாம் அறைக்குப் போய் அங்கே பதினாறு என்று பார்த்துவிட்டு ஓடி வந்தேன். அதே இருபத்தொன்றுதான். அந்த அறையில் அப்போதுதான் பட்டாணி அளவில் மொட்டு விட்டிருந்தது. சூடு ஏறினால் அத்தனையும் கருகிப்போகும்.

சிவப்பு வர வேண்டுமே, ஏன் வரவில்லை? என் கண்தான் தப்பா? இல்லாத சூட்டைச் சொல்லி ஆளைக் கிளப்பினால் மாதக் கடைசி வரை இருப்பேனா? வெளியே மூடுபனி. எனக்கு வியர்த்தது. அறைக்கும் ஆபீசுக்கும் நடுவில் இரண்டு நடை நடந்துவிட்டு, கடைசியில் உள்ளே போய்விட்டேன்.

"மேடம், மூணாம் ரூம்பு கொஞ்சம் வெதுவெதுன்னு கெடக்குற மாதிரி..."

"சிவப்பு வரலையேண்ணே?"

"வரலை மேடம். எனக்கு எந்தக் கலருமே வராது."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "எந்தக் கலருமேன்னா?"

பதில் சொல்வதற்குள் எழுந்து ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். மூன்றாம் அறையின் குளிர் மிஷின் நின்றுபோயிருந்தது. பக்கத்து அறை மிஷின்களின் சத்தத்தில் அது யாருக்கும் தெரியவில்லை. விழுந்து கிடந்த சுவிட்சை மேடம் தூக்கிவிட்டார். காற்றாடி சுற்ற ஆரம்பித்தது. மொட்டுகளை விரலால் தொட்டுப் பார்த்தார். "நல்ல வேளை" என்றார். பிறகு போனைக் கேட்டு வாங்கினார்.

"இதென்னண்ணே, எல்லாத்துலயும் டிகிரின்னு எழுதியிருக்கீங்க?"

"அஞ்சாப்புல எங்க வாத்தியாரு, நம்பருக்குப் பின்னாடி அது என்னன்னு எழுதலைன்னா பாதி மார்க்க வெட்டிருவாரு மேடம்."

கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சட்டென்று சிரிப்பை நிறுத்தினார்.

"எழுத்து கலந்துட்டா ஷீட்டு அத நம்பராவே எடுத்துக்காதுண்ணே. எவ்வளவு சூடுன்னு பாக்கவே பாக்காது. நானும் சிவப்பத்தான் தேடுவேன். வெள்ளைய எங்க பாத்தேன்?"

நின்ற இடத்திலேயே அந்தச் சொல்லை எல்லாக் கட்டங்களிலிருந்தும் ஒரே தடவையில் அழித்தார். பன்னிரண்டு நாளும் மளமளவென்று பச்சையாகிக்கொண்டு வந்தது. கடைசி வரிசையில் ஒரு கட்டம் மட்டும் சிவந்தது.

ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, மேடத்தின் போன் அடித்தது. முதலாளிதான். "மூணாம் ரூம் சிவப்பு காட்டுது! காலையில யாரு அங்க?" என்ற சத்தம் எனக்கே கேட்டது. சுவரோடு ஒட்டி நின்றேன்.

"அந்த அண்ணன்தான் சார். சிவப்பு வர்றதுக்கு முன்னாடியே வந்து சொல்லிட்டாரு. மிஷின் ஓடுது, மொட்டுக்கு ஒண்ணும் ஆகலை." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "இல்ல சார், மாசம் முடியணும்னு இல்ல. அவரே பாக்கட்டும். சரி சார்."

நன்றி சொல்ல வாயெடுத்தேன். வார்த்தை வருவதற்குள் பண்ணைப் போனை என் கையில் திணித்தார்.

"நாலாம் ரூம் பாத்தாச்சா? வெரசாப் போங்கண்ணே."