ஸ்டெல்லா இல்லாத ஐம்பது மைல்

வெள்ளிக்கிழமை பகல் பதினொன்றுக்கு எங்கள் ஊர் கேட்டியை விட்டுக் கிளம்பினோம். நான் டிரக் ஓட்ட, பக்கத்தில் மகள் ரீனா. பின்னால் டிரெய்லரில் என் மனைவி ஸ்டெல்லாவின் குதிரை மிளகு. பந்தயம் நடக்கும் பண்டேராவுக்கு இருநூற்றுச் சொச்சம் மைல். முப்பது வருஷம் இதே ரோட்டில் ஸ்டெல்லா ஓட்டினாள், நான் சுகமாகத் தூங்கினேன்.

ஊட்டியில் பாவாடை வயதில் குதிரை ஏறியவள், எழுபதைத் தாண்டியும் இறங்கவில்லை. ஆஸ்பத்திரி வேலைக்கு நடுவே ஐம்பது மைல் பந்தயங்கள் ஓடி, அதற்கென்றே ஒரு கிளப்பும் ஆரம்பித்தாள். எனக்கோ குதிரை என்றாலே உதறல், தண்ணீர் வாளி தூக்குவதோடு சரி. போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டாள், மகராசி. நாளை அவள் பேரில் பந்தயம். ஏறப்போவது ரீனா. மிளகுக்கு வயதாகிவிட்டது, இதுதான் கடைசி ஓட்டம்.

வழியில் ஷுலன்பர்க்கில் காபி, மூன்று டாலர். "எங்கே உங்க பாஸ்?" என்று கடைக்கார அம்மாள் ஜன்னல் வழியே டிரக்கை எட்டிப் பார்த்தாள். ரீனா விஷயத்தைச் சொன்னதும், துடைத்த மேஜையையே மறுபடி துடைத்தாள்.

சனி மாலை நாலு மணி. பாறையும் ஓக் மரமுமான பாதையில் ஐம்பது மைல் ஓடி ரீனாவும் மிளகும் வந்து சேர்ந்தார்கள். ஆனால் இதில் எல்லைக்கோட்டைத் தொட்டால் போதாது. அரைமணிக்குள் குதிரையின் நாடித்துடிப்பு அறுபத்து நாலுக்கு இறங்கவேண்டும், இல்லையென்றால் ஓடியது கணக்கில் வராது. மிளகுக்கு எழுபத்தாறு. தண்ணீர் ஊற்றி ஊற்றிப் பார்த்தோம். எழுபத்து நாலு. கிளப்பே சுற்றி நின்று தடவிக்கொடுத்தது, பாதிப்பேர் அழுகை.

"அப்பா, இட்ஸ் நாட் கமிங் டவுன்! ஏதாவது பண்ணுங்க!" ரீனாவின் குரல் உடைந்தது.

ஸ்டெல்லாவாக இருந்தால், கூட்டம் சூழ்ந்தால் குதிரை படபடக்கும் என்று முதலில் ஆட்களைத்தான் விரட்டுவாள். அதுவும் தமிழில். முப்பது வருஷமாக அந்த இடத்தில் வாயே திறக்காத நான் கத்தினேன்:

"இதென்ன எழவு வீடா, சுத்தி நின்னு பாக்கறதுக்கு? போங்க எல்லாரும்!"

அர்த்தம் தெரிந்தது ரீனாவுக்கு மட்டும்தான். ஆனால் ஸ்டெல்லாவின் அந்தத் திட்டு அத்தனை பேருக்கும் பழக்கம். கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே விலகினார்கள். ரீனாவையும் அனுப்பினேன். கயிற்றைப் பிடிக்க ஆளில்லாமல் நானே பிடித்தேன். மிளகு தலையைத் தாழ்த்தி, என் சட்டையில் மூக்கை வைத்துப் பெருமூச்சு விட்டது. குதிரை டாக்டர் மெல்ல வந்து ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார்.

"அறுபது."

ஞாயிறு பகல் கேட்டிக்குத் திரும்பினோம். மிளகை லாயத்தில் விட்டுவிட்டு வந்து, வாளியை கேராஜில் அதன் இடத்தில் வைத்தேன். பக்கத்தில் ஸ்டெல்லாவின் பூட்ஸ். இருந்திருந்தால், "இவ்ளோ தைரியத்தை வச்சுக்கிட்டு முப்பது வருஷமா எங்கய்யா இருந்த?" என்று கேட்டிருப்பாள்.

உன் பின்னாலதான் இருந்தேன் ஸ்டெல்லா, வாளியோட.