ஜப்பான் பயிற்சியாளரும் என் அறையும்

இன்று காலை துறைமுக பஸ்ஸில் அந்தோனி அண்ணை நொண்டியபடி ஏறி, என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

நான் இருப்பது அவர் வீட்டு அறையில். என் வதிவிட அனுமதி அட்டையான பெர்மெஸ்ஸோவில் உள்ள விலாசமும் அவருடையதுதான். எங்கள் பங்குக் கோயில் கால்பந்து அணியின் பத்து வருட நட்சத்திரமும் அவரே.

போன மாதம் எங்கள் அணியின் பயிற்சியாளர் வேறு வேலை கிடைத்து ஜெனோவாவுக்குப் போய்விட்டார். அவருக்கு உதவியாளராக இருந்த என்னைப் பார்த்து, "இனி நீர்தான்" என்றார் பங்குச் சுவாமி.

அண்ணை பத்திரிகையை விரித்தார். உலகக் கிண்ணத்துக்குப் போகும் ஜப்பான் அணியைப் பற்றிய செய்தி. அவர்களுடைய பயிற்சியாளரும் முன்னாள் ஆட்டக்காரர்தான். உதவியாளராக இருந்தவர். மேலே இருந்த பயிற்சியாளரை நடுவழியில் நீக்கியதும் அணி இவர் தலையில் விழுந்ததாம். இப்போது நாடே கொண்டாடும் ஆட்டக்காரரை, போட்டி தொடங்கச் சில நாள் இருக்கும்போது வெளியே வைத்துவிட்டாராம்.

"பாரடாப்பா, என்ன நெஞ்சழுத்தம்!" என்றார் அண்ணை. "இவனை இனி ஆர் வீட்டுக்குள்ளை விடுவினம்?"

பத்திரிகையை மடித்துவிட்டு முழங்காலைத் தடவினார்.

"முழங்கால் நோ மாறீட்டுது. ஞாயிற்றுக்கிழமை நான்தானே முன்னுக்கு?"

"ஓம் அண்ணை" என்று வாய் சொல்லிவிட்டது.

ஞாயிறு பூசை முடிந்ததும் சுவாமி வாசிக்கும் ஆட்டக்காரர் பட்டியலை நேற்றே எழுதிக் கொடுத்துவிட்டேன். பதினொரு பெயர். அண்ணையின் பெயர் அதில் இல்லை.

ஜப்பான்காரருக்குச் சொந்த வீடு இருக்கும். எனக்கு ஞாயிறு முதல் பாய் போட யாரிடமாவது இடம் இருக்கிறதா? பழைய நகரத்துக் கால்சாப் பகுதி என்றாலும் சரி. வீட்டில் பந்தடிக்கிறவர்கள் மட்டும் இருக்கக் கூடாது.