பீடை மேற்கே நின்ற நாளில் ஒரு போணி

கும்ரேயின் கடைக் கதவு மூடிக் கிடந்தபோதுதான் உத்தரவாத அலுவலகத்து ஆள் வந்து நின்றார்.

யோசு சந்தையின் கருவாட்டு வரிசையில் கும்ரேயைத் தெரியாதவர்கள் இல்லை. பதினேழு வயதில் வேலைக்கு வந்தவள், தலை நரைக்கும்வரை அடுத்தவர் கடையில்தான் நெத்திலி தரம் பிரித்தாள். முதலாளி கடையை மூடிவிட்டுச் சியோலில் இருக்கும் மகனிடம் போனதும், என் நல்லெண்ணெய்க் கடைக்கு எதிரே இவளே ஒரு கடை பிடித்தாள். சரக்கு முழுக்கத் தவணைக்கு வாங்கியது. அடகு வைக்க வீடோ நிலமோ இல்லை. அரசின் உத்தரவாத அலுவலகம் அவளுக்காகப் பொறுப்பேற்றால்தான் கடன் என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள். அதற்கு அங்கிருந்து ஒருவர் நேரில் வந்து, கடை உண்மையிலேயே நடக்கிறதா என்று பார்ப்பார். கடன் கிடைக்காவிட்டால் சரக்கு திரும்பிப் போகும். கடையும் போகும்.

நாளுக்கொரு திசையில் நின்று கெடுக்கும் பீடை எந்தத் திசையிலும் இல்லாத நாள் சனிக்கிழமைதான், அதுவரை கதவைத் தூக்கக் கூடாது என்று சொல்லியிருந்தாள் நாத்தனார் பில்சுன். ஆள் எப்படியும் அடுத்த வாரம்தான் வருவார் என்று கும்ரேயும் இருந்துவிட்டாள். அவர் புதன்கிழமையே வந்துவிட்டார்.

நான் போன் செய்ததும் ஏப்ரனோடு ஓடி வந்தாள்.

"சனிக்கிழமை திறக்கிறோம் சார். நாள் பாத்து..."

"நல்ல நாள், கெட்ட நாள் எழுத என்கிட்ட இடமில்லம்மா. 'வியாபாரம் ஆரம்பிக்கலை'ன்னுதான் எழுதணும். இந்த வருஷ ஒதுக்கீடு வேற முடியப்போகுது."

அவள் முகம் போன போக்கைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கி வந்தார்.

"மேலத் தெருவுல ஒரு செருப்புக் கடை பாக்கணும். திரும்பி இந்தப் பக்கமாத்தான் வருவேன். அப்போ எப்படி இருக்கோ, அப்படி எழுதுவேன்."

அவர் தலை மறைவதற்குள் பில்சுன் வந்துவிட்டாள். கையில் கணவாய் மீன் பை. கதவை மறைத்து நின்றாள்.

"ஏண்டி, இன்னிக்குப் பீடை மேற்கே நிக்குது. உன் கதவும் மேற்கு. வான்னு கூப்பிட்டு உள்ள விடப்போறியா?"

"திறக்கலைன்னா கடையே இல்ல அண்ணி."

"சிப்பிக் கடைக்காரன் நாள் பாக்காம திறந்தான். என்ன ஆனான்?"

"அவன் சீட்டாடி அழிஞ்சான் அண்ணி. கொஞ்சம் தள்ளுங்க."

இத்தனை வருடத்தில் கும்ரே அவளை எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. கதவு பாதியில் சிக்கிக்கொண்டது. நானும் போய்த் தோள் கொடுத்தேன். பெட்டிகளைக் கிழித்தோம். குழம்புக்குப் பெரிய நெத்திலி, வறுவலுக்குப் பொடி நெத்திலி என்று அவள் கை தானாகக் குவித்துக்கொண்டே போனது. ஆனால் பில்சுன் போட்ட சத்தம் வரிசை முழுக்கக் கேட்டிருந்தது. போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள், விலை கேட்க ஒருவரும் நிற்கவில்லை. தெருமுனையில் அந்த ஆளின் கழுத்தில் தொங்கிய நீல அடையாள அட்டை தெரிந்தது. கும்ரேயின் உதடு வெளுத்துவிட்டது.

பில்சுன் அவரைப் பார்த்தாள். கும்ரேயைப் பார்த்தாள். கணவாய்ப் பையைத் தரையில் வைத்தாள்.

"புருஷனைக் கடல் எடுத்துக்கிச்சு, முட்டி ரெண்டும் போச்சு. புடிச்சா என்னைப் புடிக்கட்டும். இனிமே என்கிட்ட புடுங்க அந்தப் பீடைக்கு என்ன இருக்கு?" என்று யாரிடமோ சொல்வதுபோல் சொல்லிவிட்டு, சந்தைக்கே கேட்கும்படி, "இந்தப் பொடி நெத்திலி எவ்வளவு?" என்றாள்.

கும்ரே விலை சொன்னாள்.

"பகல் கொள்ளையா இருக்கே! அடுத்த கடையில இதைவிடக் கம்மி."

"அங்க வெறும் உப்பு அண்ணி. வேணும்னா போய் அதையே தின்னுங்க."

"வாயைப் பாரு! கொசுறு போடு. இன்னும் போடுடி, கை என்ன மடங்கிப்போச்சா?"

அலுவலகத்து ஆள் போனை எடுத்துப் படம் பிடித்தார். "இப்படித் திரும்பிக் கொஞ்சம் சிரிங்கம்மா."

"இவ சொல்ற விலைக்குச் சிரிப்பு வேறயா?"

அவர் ஏதோ எழுதிக்கொண்டு போனார். அவர் என்ன எழுதினார் என்று தெரியாமல் நாங்கள் மறுநாளைக் கழித்தோம். கும்ரே சோற்றைத் தொடவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் வங்கியிலிருந்து அழைப்பு. உத்தரவாதம் கிடைத்துவிட்டது, கையெழுத்துக்குப் பதிலாகக் குத்தும் பெயர் முத்திரையை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்கள். கும்ரே நெத்திலிக் குவியல் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதாள்.

"எழுந்திருடி, சரக்கு நனையுது" என்றாள் பில்சுன். "சனிக்கிழமை வரைக்கும் பொறுத்திருந்தா இன்னும் கூடவே குடுத்திருப்பாங்க."