முதுகுத் தையல்

பல்லிடுக்கில் நாலு குண்டூசி இருக்கும்போதும் புஷ்பத்தால் பேச முடியும். "சின்னதுக்குப் போனியா? பொய் சொல்லாம சொல்லு." முன்னால் நிற்கும் பிள்ளை தாமரை வேஷமானாலும் தவளை வேஷமானாலும் கேள்வி இதுதான். கழிப்பறைக்குப் போய் வந்ததாகச் சத்தியம் செய்தால்தான் ஊசி முதுகுக்கு வரும்.

தெஹியோவிட்ட பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கிறார். டவுனில் பாலே வகுப்பு நடத்தும் மிஸ், வருடத்துக்கொரு முறை மண்டபம் எடுத்துப் பிள்ளைகளை ஆடவிடும்போது உடுப்பெல்லாம் இவர் பொறுப்பு. கொக்கி வைப்பதில்லை. அளவெடுத்த நாளுக்கும் ஆடும் நாளுக்கும் இடையில் பிள்ளைகள் தின்று வளர்ந்துவிடுகின்றன. குதித்தால் கொக்கி தெறிக்கும். ஆகவே பிள்ளையை உடுப்புக்குள் இறக்கி, முதுகை நூலால் மூடிவிடுவார். திறக்கக் கத்தரிக்கோல்தான் வழி.

பாலேயைப் பற்றி அவருக்கு உயர்ந்த அபிப்பிராயம் கிடையாது. "எட்டாத சாமானுக்கு எக்குற மாதிரி நிக்கிறாங்க, கடைசிவர ஒன்னையும் எடுக்கிறதில்ல." ஆனால் பதினொரு வருடத்தில் ஒரு நிகழ்ச்சிக்கும் வராமலிருந்ததில்லை; ஒன்றைக்கூடப் பார்த்ததுமில்லை. திரைக்குப் பின்னாலிருந்து பாட்டையும் கைதட்டலையும் கேட்டே, எந்தக் கூட்டம் ஆடி முடித்தது என்று சொல்லிவிடுவார்.

'சின்னதுக்குப் போனியா' என்ற கேள்வி பிறந்தது இரண்டு வருடத்துக்கு முன்னால். ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து விஜயகலா என்ற பிள்ளையை, மிஸ்ஸிடம் சிங்களத்தில் வாதாடி வகுப்பில் சேர்த்தது புஷ்பம்தான். தைத்து முடித்த பிறகு அவள் மெதுவாக, "டெய்லரக்கா, வருது" என்றாள். பயத்தில் அப்படித்தான் இருக்கும், மேடை ஏறினால் நின்றுவிடும் என்று டாக்டர் மாதிரி சொல்லி அனுப்பினார் புஷ்பம். நிற்கவில்லை. வெள்ளை உடுப்பு, முழு வெளிச்சம், முன்வரிசையில் சிரிப்பு. பிறகு மூன்று முறை லயத்துக்குப் போய்க் கூப்பிட்டார். மூன்று முறையும் தாய் இருளாயி பிளேன்டீ கொடுத்தாள். விஜயகலாவின் பாதங்கள் மட்டும் கதவுச் சீலைக்குக் கீழே தெரிந்தன.

இந்த வருடம் அவளுடைய தங்கை சசி தானாகவே ஆட வந்தாள். ஏழு வயது. இருளாயி ஒன்றுதான் சொன்னாளாம்: "இவளும் ஒங்கள நம்பித்தான் வர்றா."

சசி தாமரை. தைத்தாயிற்று. வருது என்றாள். புஷ்பம் வெட்டித் திறந்தார், போய் வந்தாள், மறுபடி தைத்தார். மறுபடியும் வருது என்றாள். மேடையில் தவளைகள் குதித்துக்கொண்டிருந்தன, அடுத்தது தாமரை. மிஸ் "இக்மனட்ட, இக்மனட்ட" என்று விரட்டிக்கொண்டிருந்தார். வேடிக்கை பார்க்க வந்த எனக்கே அது வெறும் பயம் என்று தெரிந்தது, புஷ்பத்துக்குத் தெரியாமலா?

"பயம்தாங்க," என்றார் என்னிடம். "ஆனா நான் இனி டாக்டர் வேல பாக்க மாட்டேன்." கத்தரிக்கோலை எடுத்தார்.

முற்றத்துக் கோடியிலிருந்த கழிப்பறைக்குப் போய்ச் சசி திரும்பி வந்தபோது, மற்றத் தாமரைகளை மிஸ் மேடைக்குக் கூட்டிப் போயிருந்தார். புஷ்பம் அவசரமாகத் தைத்தார். முடிச்சுப் போட்டு நூலைக் கடித்தபோது தாமரைப் பாட்டு ஓய்ந்து, கைதட்டல் எழுந்தது.

"தவள முடிஞ்சிருச்சா டெய்லரக்கா?" முதுகைக் காட்டி நின்றபடியே சசி கேட்டாள். "இப்ப நாங்கதானே?"

புஷ்பம் ஊசியில் இன்னொரு நூலைக் கோத்து, மூடிய தையலின் மேலேயே மறுபடியும் தைக்கத் தொடங்கினார்.