கையுறை போட்டு ஜிப்பை இழுத்துப் பார்த்தீர்களா?

இந்த வெயிலில், ஒரகடம் போகும் பஸ்ஸில், பனிமலை ஏறுவதற்காக வாங்கிய வாத்து இறகு ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்த பைத்தியம் நான்தான். காலையில்தான் பார்சல் வந்தது. திருப்பி அனுப்ப இன்று ஒரு நாள்தான் அவகாசம்.

பஸ்ஸே சிரித்தது. பக்கத்து சீட் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு ஐஸ்கிரீம் குடோனில் வேலை. உள்ளே எப்போதும் மைனஸ் இருபது டிகிரியாம்.

“உள்ள இன்னா கீது?” என்று ஜாக்கெட்டின் கையை அமுக்கிப் பார்த்தார்.

இறகின் தரம், எடை, எத்தனை டிகிரி தாங்கும் என்று இரண்டு வாரமாகப் படித்ததையெல்லாம் ஒப்பித்தேன்.

முழுக்கக் கேட்டுவிட்டு, தன் பையிலிருந்து தடித்த கையுறைகளை எடுத்து நீட்டினார்.

“இத்த மாட்டிகினு ஜிப்ப இழு, பாக்கலாம்.”

ஜிப்பின் முனை துளியூண்டு. விரலுக்கு அகப்படவே இல்லை.

“குளுருல கிளவுஸ கழட்டினா வெரலு மரத்துப் பூடும். அப்பால எங்கேந்து ஜிப்பு போடுவ?”

பையைத் துழாவி ஒரு துண்டு நாடாவை எடுத்து, ஜிப்பில் வளையமாகக் கட்டிவிட்டார். ஒரே இழுப்பில் கழுத்து வரை ஏறியது. ஜாக்கெட்டைத் திருப்பி அனுப்பவில்லை.

இறங்கும்போது கேட்டார்: “நாங்க குளுருல போனா ஐஸ்கிரீம் பொட்டி எடுத்துகினு வருவோம். நீ அங்க போயி இன்னாம்மா எடுத்துகினு வரப்போற?”

“போட்டோக்கா” என்றேன். சொன்ன எனக்கே அது பதிலாகப் படவில்லை.

பனிமலை ஏறி வந்தவர்கள் யாராவது நல்ல பதில் சொல்லுங்கள். நாளைக்கும் அதே பஸ்தான்.